பிடரியைப் பார்த்த விளக்கு

வாகைப்பேரி பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் புரொஜெக்டர் விளக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இதயத்தின் இடது கீழறைக்குள் ரத்தம் நுழையப்போன நேரத்தில், டப்பென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. அதைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டாயிரம் மணி நேரம் எரியும் என்றுதான் பெட்டியில் அச்சடித்திருந்தார்கள்; ஐயாயிரத்துச் சொச்சம் எரிந்திருந்தது. ஆய்வக உதவியாளர் உலகம்மாள்தான் அந்தப் புரொஜெக்டர் பெட்டிக்குப் பொறுப்பு. மூன்று திருகாணிகளைக் கழற்றி, கருத்துப்போன விளக்கைத் துணியில் ஏந்தி எடுத்து, “நல்லா உழைச்சிட்ட, போதும், இனிமே கெட” என்று சொல்லி அட்டைப்பெட்டியில் வைத்தாள். அவள் சோதனைக் குழாய்களோடும் தராசோடும் வாய் ஓயாமல் பேசுவாள். மனிதர்களோடுதான் அளந்து பேசுவாள்.

தலைமையாசிரியை ஹெலன் ஜெயசீலி டீச்சர் திருநெல்வேலிக் கடைக்குப் போன் போட்டார். அந்த மாடலுக்கு விளக்கு சென்னையிலிருந்து வரவேண்டும், பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து, ஆய்வகத்தில் மின்விசிறி மாட்ட வந்திருந்த எலெக்ட்ரீஷியன் தங்கப்பழம் எட்டிப் பார்த்தார். காலி ஹோல்டரைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சட்டைப் பையில் ஒரு குண்டு பல்பு வைத்திருந்தார். அவர் வீட்டு அடுக்களையில் பதினெட்டு வருஷம் எரிந்த பல்பு. காலையில்தான் அதைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருந்தார், போகிற வழியில் குப்பையில் போடலாம் என்று எடுத்து வந்திருந்தார்.

“சும்மா வச்சுப் பாப்பமேக்கா” என்றார்.

“இது எங்கன அதுக்குள்ள போகும்? கூறு இருக்கா ஒமக்கு?” என்றாள் உலகம்மாள்.

ஆனால் போயிற்று. நெரிசலான பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிக்கு இடம் விடுவது போல அந்தப் பெட்டி கொஞ்சம் ஒதுங்கி, கொஞ்சம் அகன்று, பல்பை உள்ளே வாங்கிக்கொண்டது. சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு பெண்ணின் பிடரி தெரிந்தது. சின்னக் கொண்டை, இடது காது, காதில் ஒற்றைக்கல் தோடு, தோளுக்கு அந்தப் பக்கம் மடியில் பீடித்தட்டு, தட்டின் மேல் ஓயாமல் ஓடுகிற இரண்டு கை. தங்கப்பழம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஏ, இது எங்க வீட்டுக்காரி கழுத்துல்லா!” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாகைப்பேரியில் பீடி சுற்றாத வீடு கிடையாது. அந்த ஊர்ப் பெண்கள் விளக்குக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். வெளிச்சம் இடது தோளைத் தாண்டி வந்து தட்டில் விழ வேண்டும். முகத்தில் விழுந்தால் கண் கூசும், இலையின் நரம்பு தெரியாது, தூள் கூடக்குறையப் போய்விடும், சுற்றியதெல்லாம் கழிவுக்குப் போகும். அதனால் தாய் மகளுக்குச் சொல்லி, மகள் மருமகளுக்குச் சொல்லி, சிம்னி விளக்குக் காலத்திலிருந்து டியூப் லைட் காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்து பழகிவிட்டார்கள். ஆகவே வாகைப்பேரி விளக்குகளுக்கு அந்த ஊர்ப் பெண்களின் முகம் தெரியாது. பிடரி தெரியும், காது தெரியும், கை தெரியும்.

தங்கப்பழம் அரை மணி நேரம் நின்று பார்த்தார். அவர் மனைவி இலை வெட்டினாள், தூள் வைத்துச் சுருட்டினாள், முனை மடக்கினாள், நூல் சுற்றினாள், எழுந்து போய்ச் சோற்றுப் பானையைக் கிளறினாள், வந்து உட்கார்ந்தாள், ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் தட்டுக்கு ஓரமாய் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள், கை நிற்காமலே தூங்கினாள், தலை சரிந்ததும் விழித்தாள், மறுபடியும் இலையை எடுத்தாள். பதினெட்டு வருஷமும் அரை மணி நேரத்தில் போயிற்று. பல்பு ஒருமுறை மினுங்கி, கழுவிய டம்ளர் மாதிரி வெறும் பல்பாகிவிட்டது.

அன்றைக்கு அவர் வீட்டில் நடந்ததை அவர் மனைவியே குழாயடியில் சொன்னாள்: “மனுசன் வந்தாரு. ஒண்ணும் பேசல. சோத்த வடிக்கேன்னு போயி கையச் சுட்டுக்கிட்டாரு. என்ன கூத்துன்னு கேட்டா, கழுத்து வலிக்கான்னு கேக்காரு. கல்யாணம் ஆயி இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் எனக்குக் கழுத்து இருக்கது தெரிஞ்சிருக்கு.” குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வீட்டுக்குப் போய் அவரவர் பரணில் ஏறினார்கள்.

மறுநாள் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும், வாசலில் வரிசை நின்றது. தடுப்பூசி போடப் பிள்ளையைக் கொண்டு வருவது போல ஆளுக்கொரு விளக்கைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பியூஸ் போன பல்பு, நுனி கருத்த டியூப் லைட், கண்ணாடி விரிந்த சிம்னி, திரி இல்லாத முட்டை விளக்கு. எரிகிறதா எரியாதா என்று அந்தப் பெட்டி பார்க்கவில்லை. எதைக் கொடுத்தாலும் ஒதுங்கி இடம் கொடுத்தது. ஒரு விளக்குக்கு ஒரு தடவை. அது தன் வாழ்நாளில் எதை அதிகமாகப் பார்த்ததோ அதை மட்டும் காட்டும். காட்டி முடித்தால் வெறுமையாகிவிடும். இந்தச் சட்டத்தை யாரும் போடவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஏன், எப்படி என்று கேட்டவர்களும் இல்லாமல் இல்லை. இயற்பியல் டீச்சர் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரும் மஞ்சள் பைக்குள் ஒரு மேசை விளக்கோடு வந்து வரிசையில் நின்றார்.

வந்ததெல்லாம் நல்லபடியாகவே போயிற்று என்று சொல்ல முடியாது. பஸ் நிறுத்தத்துத் தெருவிளக்கை யாரோ கழற்றிக்கொண்டு வந்தார்கள். பத்தாவது நிமிஷத்தில் மூன்று குடும்பத்துக்குள் சண்டை மூண்டுவிட்டது, ஹெலன் டீச்சர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு வீட்டு விளக்கு மட்டும்தான் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். அம்மன் கோயில் தூங்காவிளக்கு விதிவிலக்காக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைக்கிற முகங்களாக அது காட்டிக்கொண்டே போக, ஒருவரும் சொல்லாமலே எல்லாரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள், அடுத்தவர் வேண்டுதலை எட்டிப் பார்க்கக் கூடாது என்று. பீடிக் கம்பெனிக்குச் சரக்கு வாங்குகிற சேர்மக்கனி, கட்டைப் பிரித்துப் பார்த்துப் பாதியைக் கழிவென்று தூக்கி எறிகிறவன், ஊரே வயிறெரிகிற ஆள், தன் அம்மாவின் சிம்னியைக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். பார்த்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனவன், அடுத்த வாரம் முழுக்கக் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எறிய முடியாமல் திணறினான். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். பாடத்திட்டத்தில் இல்லாததை எப்படிக் காட்டலாம் என்று கேட்கத்தான் வந்தார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, எங்க அம்மா இட்லிக் கடை வச்சிருந்தாங்க, அந்தக் கடை பல்பு எடுக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டு ஆட்களுக்கு நன்றி சொல்கிற வழக்கம் வாகைப்பேரியில் என்றைக்கும் இருந்ததில்லை. சொன்னால் பிரிந்து போகிறவர்கள் பேசுகிற பேச்சு மாதிரி இருக்கும். அதனால் அந்த ஊர் தன் நன்றியை வேறு மாதிரிச் செலுத்தியது. ஆண்கள் தண்ணீர்க் குடம் எடுத்தார்கள். இலையை நனைத்து வைத்தார்கள். கல்யாணமாகி மும்பைக்குப் போன பிள்ளைகள் போன் போட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், அம்மா சாப்பிட்டியா என்று மூன்று தடவை கேட்டார்கள். சாயங்காலமானால் ஊருக்கே கொஞ்சம் குரல் தணிந்திருந்தது. பெண்கள் இதையெல்லாம் அதிகம் பாராட்டவில்லை. சோறு குழைந்துவிட்டது என்று திட்டினார்கள், ஆனால் திட்டும்போது சிரித்தார்கள்.

எல்லா விளக்கையும் வாங்கி, துடைத்து, மாட்டி, கழற்றித் திரும்பக் கொடுத்தவள் உலகம்மாள். அவள் வீட்டு விளக்கு மட்டும் வரவில்லை.

உலகம்மாளைப் பெற்ற முப்பதாம் நாள் அவள் அம்மா கோமு இறந்துபோனாள். ஒரு போட்டோ கிடையாது. கோமு எப்படி இருப்பாள் என்று அப்பாவிடம் கேட்டால், “இருந்தா, நல்லா இருந்தா” என்பார், அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வராது. அத்தையிடம் கேட்டால் அழுவாள். கோமு இறந்த நாற்பதாம் நாள், கைப்பிள்ளைக்காக அப்பா மாடத்தியைக் கட்டிக்கொண்டார். மாடத்திக்கு அப்போது பத்தொன்பது வயது, பிள்ளை பெறவில்லை, பிறகும் பெறவில்லை. மாடத்தி அடித்ததில்லை, வைததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனாலும் விவரம் தெரிந்த நாளிலிருந்து, யார் யாரோ காதில் ஓதி, இவள் வந்ததால்தான் அவள் இல்லை என்று ஒரு நினைப்பு உலகம்மாளுக்குள் உட்கார்ந்துவிட்டது; முன்னது பின்னதை மாற்றிப் போட்ட நினைப்பு என்று அவளுக்கே தெரியும், தெரிந்து என்ன செய்ய? அவள் மாடத்தியை அம்மா என்றும் கூப்பிட்டதில்லை, சித்தி என்றும் கூப்பிட்டதில்லை. “சாவி மாடாக்குழில இருக்கு”, “சோறு வேண்டாம்” என்று மொட்டையாகவே பேசினாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்த பிறகும், அப்பா இறந்த பிறகும், இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே உலையில் சாப்பிட்டு, இருபத்திரண்டு வருஷமாக மொட்டையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டுப் பரணில் ஒரு அரிக்கேன் விளக்கு இருந்தது. கோமு கல்யாணச் சீராகக் கொண்டுவந்த விளக்கு என்று அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். ஊரில் முதல் பிடரி தெரிந்த அன்றைக்கே உலகம்மாள் வீட்டுக்குப் போய்ப் பரணை அண்ணாந்து பார்த்தாள். அம்மாவைப் பார்க்கலாம்! முகம் தெரியாவிட்டால் போகிறது, கழுத்துத் தெரியும், கை தெரியும், தன்னைத் தூக்கிய கை. ஆனால் ஒரு தடவைதான். பார்த்துவிட்டால் பிறகு பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. அந்தப் பயத்தில் அவள் நாளைத் தள்ளிக்கொண்டே போனாள், பிடித்த பண்டத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற பிள்ளை மாதிரி.

பதினாறாம் நாள் கூரியரில் விளக்கு வந்தது. ஒன்றில்லை, இரண்டு வந்தது. ஒன்று புரொஜெக்டர் செய்த கம்பெனியின் அசல் விளக்கு: வெளிச்சம் கொஞ்சம் மட்டு, மூவாயிரம் மணி நேரம் வரும். இன்னொன்று வேறு கம்பெனி, அதே அளவு, அதே மூன்று திருகாணி: ஜன்னலைத் திறந்து வைத்தாலும் எழுத்து தெரிகிற அளவுக்கு வெளிச்சம், ஆனால் ஆயுசு பாதி. இரண்டையும் மாட்டிப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள், கண்ணாடியில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் எழுதியிருந்தார்.

“திங்கக்கெழமை திருப்புதல் வகுப்பு ஆரம்பிக்குது. பிள்ளையளுக்குப் பரீட்ச வந்துட்டு” என்றார் ஹெலன் டீச்சர். “சனிக்கெழம சாயந்தரத்தோட ஊர் வெளக்குக்கெல்லாம் முற்றும் போட்டிருவோம். எந்தப் புது வெளக்குங்கது நீங்க பாத்து முடிவு பண்ணுங்க உலகம்மா, பெட்டியத் தொட்டுப் பழகுனது நீங்கதான். என்னையக் கேட்டா அந்தப் பளிச்சுன்னு இருக்கதுதான் நல்லாருக்கும்.”

தனக்கென்று செய்த விளக்கு கிடைத்த பிறகு அந்தப் பெட்டி விருந்தாளிகளுக்கு ஒதுங்கிக் கொடுக்காது என்று ஊரே நினைத்தது. யாரும் சோதித்துப் பார்த்துச் சொன்னதில்லை, ஆனால் எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. சண்டை போடவும் யாருமில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்த்து வயிறு நிறைந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உலகம்மாள் வீட்டுக்கு வந்தபோது அரிக்கேன் விளக்கு வாசலில் இருந்தது. பரணிலிருந்து இறக்கி, சாம்பல் போட்டு விளக்கி, கண்ணாடியைச் சுண்ணாம்பு போட்டுத் துடைத்து, புதுத் திரி போட்டு வைத்திருந்தாள் மாடத்தி. உள்ளே அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குத்தான் கடசியாம்” என்றாள் மாடத்தி, பானையைப் பார்த்து.

“ம்” என்றாள் உலகம்மாள், சுவரைப் பார்த்து.

“நானும் வரவா?”

உலகம்மாளுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. தன் அம்மாவைத் தான் மட்டும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் திரி புதுசாக இருந்தது. “வந்தா வரட்டும்” என்றாள்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தினார்கள். கோமுவைப் பார்க்கலாம் என்று ஊரில் பாதி வந்திருந்தது. கோமுவோடு கூட உட்கார்ந்து பீடி சுற்றிய கிழவிகள் நாலைந்து பேர் இன்னும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் முன்வரிசையில் மாடத்தி, ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது, இன்னொன்றுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். உலகம்மாள் கடைசியில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பெட்டி அகன்று கொடுத்து அரிக்கேனை வாங்கிக்கொண்டது.

திரையில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் பரவியது. அதற்குள் ஒரு பிடரி. ஒல்லியான கழுத்து, இறுக்கி முடிந்த கொண்டை, தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. நீட்டிய காலின் மேல் ஒரு பச்சைப்பிள்ளை படுத்திருந்தது. தட்டு ஓரமாய்ப் போயிருந்தது. ஒரு கை இலையைச் சுருட்ட, கால் பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தது.

“யம்மா” என்றாள் உலகம்மாள்.

நாற்பத்தெட்டு வருஷம் வாய்க்குள்ளேயே கிடந்த சொல் சத்தமாகவே வந்துவிட்டது. ஊரே கேட்டது. முன்வரிசையில் மாடத்தியின் தோள் வெடுக்கென்று அசைந்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவள் அசைவது போல. ஆனால் அவள் திரும்பவில்லை.

“இது உலகம்மாக்காவோட அம்மைதானே? மாடத்தி அத்த, சொல்லுங்களேன், கோமு அத்ததானே” என்று பக்கத்திலிருந்த யாரோ ஒரு இளவட்டப் பெண் விவரம் தெரியாமல் கேட்டாள். கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைத் திறந்தாள், இன்னொருத்தி அவள் தொடையைக் கிள்ளினாள்.

“ஆமா” என்றாள் மாடத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே. “ஒங்க அம்மைதான் உலகு. கோமு அக்காதான். நல்லாப் பாத்துக்க.”

உலகம்மாள் பார்த்தாள். கண்ணீர் மறைக்க மறைக்கத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரையில் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. அந்தக் கை தட்டைத் தள்ளிவிட்டுப் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, இங்கும் அங்கும், இங்கும் அங்கும், வெளிச்சத்துக்குள்ளும் வெளியிலுமாக நடந்தது. பிறகு உட்கார்ந்தது. வசம்பு உரைத்தது. ஒற்றைக் கையால் பீடி சுற்றப் பார்த்து, முடியாமல், நூலைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டது. பிள்ளை குணமாயிற்று. பிள்ளை தவழ்ந்து தட்டைக் கவிழ்த்தது, தூளெல்லாம் சிந்திற்று, கிழவிகள் சிரித்தார்கள். பிள்ளை அந்தக் கொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. இரண்டு பல் தெரியச் சிரித்தது.

உலகம்மாளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

முப்பது நாள் பிள்ளைக்கு ஏது பல்? முப்பது நாள் பிள்ளை எங்கே எழுந்து நிற்கும்?

அப்போதுதான் அவள் திரையிலிருந்து கண்ணைக் கீழே இறக்கினாள். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு, உட்கார்ந்திருக்கிற எல்லாருடைய பிடரியும் தெரியும். திரைக்கு நேர் கீழே, முன்வரிசையில், ஒரு நரைத்த பிடரி. ஒல்லியான கழுத்து, இறுக்கி முடிந்த சின்னக் கொண்டை, தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. மேலே இருக்கிற பிடரியும் கீழே இருக்கிற பிடரியும் ஒன்றாக அசைந்தன. மேலே இருக்கிறவள் இலையை எடுத்தபோது கீழே இருக்கிறவளின் தோள் தானாக அசைந்தது. இருபத்திரண்டு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, உலகம்மாள் அந்தப் பிடரியை ஒரு நாளும் பார்த்ததில்லை.

கோமு அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்தது ஒரு வருஷம் இருக்கலாம். அதிகமாகப் பார்த்தவளைத்தான் விளக்கு காட்டும். இது அந்தக் கூடத்தில் இருந்த கிழவிகள் எல்லாருக்கும் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருந்தது. மாடத்திக்கு, விளக்கைச் சாம்பல் போட்டு விளக்கும்போதே தெரிந்திருந்தது.

உலகம்மாள் கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள். இப்போது அவள் வேறு மாதிரி பார்த்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிற்று, வந்து முதுகோடு முதுகு சாய்ந்து படித்தது, பிறகு ஒரு நாளிலிருந்து சாயாமல் தள்ளி உட்கார்ந்து படித்தது. அந்தப் பிடரி மட்டும், பிள்ளை இருக்கிற பக்கமாகக் கொஞ்சம் திரும்பித் திரும்பி வந்தது. அப்புறம் வீட்டுக்குக் கரண்ட் வந்தது போலிருக்கிறது, அரிக்கேன் ஒருமுறை மினுங்கி வெறுமையாயிற்று. அம்மாவை அவள் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. அந்த வருத்தம் இருந்தது, இல்லாமல் போகவில்லை. ஆனால் அதை விடப் பெரிதாக ஒன்றும் இருந்தது. தான் கூப்பிட்ட அந்த ஒரு சொல், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தது என்று மட்டும் நினைத்தாள்.

சாக்குகளை இறக்கினார்கள். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. எல்லாரும் போன பிறகு மாடத்தி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள், கூட வீட்டுக்குப் போவதற்காக.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?” என்றாள் உலகம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை.

மாடத்தி சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். “நீ அழுத. சிரிச்ச. நீ சிரிச்சிப் பாத்து எத்தன வருசமாச்சி? அதுக்கு நடுவுல போயி நான் எதுக்கு?”

உலகம்மாள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால், பெட்டியைப் பார்க்கப் போட்டாள்.

“இதுல வந்து உக்காருங்க.”

“எதுக்குளா?”

“புது வெளக்கு மாட்டணும். எது நல்லதுன்னு பாக்கணும். வாங்க.”

முதலில் பளிச்சென்ற விளக்கை மாட்டினாள். விரல் படாமல் துணியில் பிடித்து, மூன்று திருகாணியையும் முறுக்கி, சுவிட்சைப் போட்டாள். கூடமே வெள்ளையாகிவிட்டது. மாடத்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, கண்ணு அவிஞ்சிரும்போல இருக்கே!” முகமே தெரியவில்லை, பொத்திய கைதான் தெரிந்தது. உலகம்மாள் அணைத்துவிட்டாள். சூடு ஆறக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அதைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியில் வைத்து, திருப்பி அனுப்ப வேண்டியது என்று மேலே எழுதி ஓரமாய் வைத்தாள்.

அசல் விளக்கை மாட்டினாள். வெளிச்சம் மெதுவாக, பால் பொங்கி வருவது போல ஏறி வந்தது. மாடத்தி பழக்கத்தில் சட்டென்று நாற்காலியில் புரண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். கை மடியில் தட்டைத் தேடியது.

“அப்படி இல்லம்மா. இங்கிட்டுத் திரும்புங்க. பெட்டிய நேராப் பாக்காதீங்க, கூசும். இங்க நிக்கேன் பாருங்க, என்னையப் பாருங்க.”

மாடத்தி திரும்பினாள். அறுபத்தேழு வயதில், தன் முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்திருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்தாள். நிமிர்ந்தாள். கண்ணைச் சிமிட்டினாள். பிறகு, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற உலகம்மாளை நேராகப் பார்த்தாள். சுருக்கம் விழுந்த நெற்றி, மூக்குத்தித் துவாரம், ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் மங்கலாகவும், கீழுதட்டில் சின்னதாக ஒரு வெட்டு, நூலைக் கடித்துக் கடித்து வந்த வெட்டு.

“இது இன்னும் ஒருத்தரையும் பாக்காத வெளக்கு” என்றாள் உலகம்மாள். “மொதல்ல ஒங்களப் பாக்கட்டும். நீங்க இல்லைன்னா நான் இல்லம்மா. இது எனக்குத் தெரியாமப் போச்சு.”

மாடத்தி கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கையைத் தூக்கி, முகத்தை மறைத்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, கையை இறக்கிக்கொண்டாள். வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது.

“சரி சரி, பாத்தாச்சில்லா” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “அணைச்சிரு. பிள்ளையளுக்கு வேண்டிய வெளக்கு, வீணா எரியுது.”

“எரியட்டும்மா” என்றாள் உலகம்மாள். “இருங்க.”